பாகல் பந்தலுக்கு அருகே ஒரு மில்க்வீட்

ரொறன்ரோ பெரும்பாகத்தில் வீட்டுத்தோட்டம் செய்யும் தமிழ் உறவுகளுக்கு,



விக்ரோறியா தின நீள்வாரம் கழிந்தவுடன், பேஸ்மன்ற் யன்னலடியில் நின்ற கத்தரிக் கன்றும் மிளகாய்க் கன்றும் நிலத்துக்கு இறங்கும். கறிவேப்பிலையும் முருங்கையும் சாடியோடு வெளியே வரும். பாகலுக்கும் புடோலுக்கும் பந்தல் எழும். ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் ஏஜக்ஸிலும் பிரம்ரனிலும் எங்கள் சனம் ஆண்டுதோறும் செய்கிற வேலை இது. கோடை வந்ததும் போனதுமாக இருக்கிற ஊரில் பயிற்றங்காய் பிடுங்கி அயலுக்கும் கொடுக்கிறவர்கள் நீங்கள். உங்களிடம் இரண்டு காரியம் கேட்டு இந்த மடலை எழுதுகிறேன்.

முதலாவது, உங்கள் பின்வளவில் இரண்டு மூன்று செடிக்கான இடத்தை மொனார்க் வண்ணத்துப்பூச்சிக்கு ஒதுக்குங்கள். இரண்டாவது, அந்தச் செடிகளில் புழு வந்தால் அவற்றைப் பொறுக்கி வீட்டுக்குள் கொண்டுபோய்ப் பெட்டியில் வளர்க்காமல் வெளியிலேயே விட்டுவிடுங்கள். முதலாவதற்கு நீங்கள் மறுப்புச் சொல்லமாட்டீர்கள் என்று நினைக்கிறேன். இரண்டாவதுக்குத்தான் பலருக்கு மனம் ஒப்பாது. ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

செம்மஞ்சள் சிறகு, கறுப்பு நரம்பு, ஓரமெங்கும் வெள்ளைப் பொட்டு. அரைக் கிராம் எடை. ஊரில் எருக்கலையைச் சுற்றிப் பறந்த வெந்தய வரியனைக் கண்டவர்களுக்கு இதன் சாயல் உடனே பிடிபடும். இரண்டும் டனாவுஸ் என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. எருக்கலையும் இங்குள்ள மில்க்வீட்டும்கூட ஒரே குடும்பம்தான். கிள்ளினால் இரண்டிலும் பால் வடியும், காய் வெடித்தால் இரண்டிலும் பஞ்சு பறக்கும். அங்கே வெந்தய வரியன் எருக்கலை இலையில் முட்டையிடும். இங்கே மொனார்க் மில்க்வீட்டில் முட்டையிடும். அதன் புழு உங்கள் கத்தரியைத் தொடாது, மிளகாயைத் தொடாது. மில்க்வீட் ஒன்றுதான் அதற்குச் சாப்பாடு. அந்தப் பாலிலுள்ள நஞ்சைத் தன் உடம்பில் சேர்த்துவைத்துக்கொள்வதால் குருவிகள் அதைக் கொத்தத் தயங்கும்.

தெற்கிலிருந்து மே மாதக் கடைசியிலும் யூனிலும் மொனார்க் இங்கு வந்துசேரும். கோடையில் இரண்டு மூன்று தலைமுறை பிறந்து வளரும். யூனிலும் யூலையிலும் சிறகு விரிப்பவை இரண்டு முதல் ஆறு கிழமை வாழ்ந்து, முட்டையிட்டு, முடிந்துபோகும். ஓகஸ்ட் நடுப்பகுதிக்குப் பிறகு வெளிவரும் கடைசித் தலைமுறையின் கதை வேறு. பகல் சுருங்குவதையும், இரவு குளிர்வதையும், மில்க்வீட் இலை முதிர்வதையும் அது உணர்கிறது. இணை சேர்வதைத் தள்ளிப்போட்டு, எட்டு மாதம் வரை உயிரோடிருக்கிறது. ஏரியைத் தாண்டி, அமெரிக்காவைக் கடந்து, 3,000 கிலோமீற்றருக்கு மேல் பறந்து, மத்திய மெக்சிக்கோவின் மலைகளில் சுமார் 3,000 மீற்றர் உயரத்தில் நிற்கும் ஒயாமெல் மரங்களில் போய் அடைகிறது. வழிகாட்ட எந்த மூத்ததும் கூடப் போவதில்லை. சென்ற வருடம் அங்கே குளிர்காலம் கழித்தவற்றின் பேரப்பிள்ளைகளும் அவற்றின் பிள்ளைகளும்தான் இவை. அந்த மலையை ஒருநாளும் கண்டதில்லை. நவம்பர் தொடக்கத்தில், இறந்தோர் நாளை ஒட்டி அவை வந்திறங்குவதால், அவ்வூர் மக்கள் தங்கள் முன்னோரின் உயிர்களே திரும்பி வருவதாக நம்பி வரவேற்கிறார்கள்.

இவை எங்கே போகின்றன என்பதை அறிவியல் உலகம் தெரிந்துகொண்டது ஸ்காபரோவில் இருந்தவர்களின் முயற்சியால். எங்கள் பிள்ளைகள் பலர் படித்த, இன்றும் படிக்கிற ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் விலங்கியல் பேராசிரியராக இருந்தவர் பிரெட் ஏர்கார்ட். அவரும் அவருடைய மனைவி நோராவும் பல பத்தாண்டுகளாக ஒரே கேள்வியைத் துரத்தினார்கள்: செப்டெம்பரில் தெற்கே போகிற மொனார்க் எங்கே தங்குகிறது? சிறகில் ஒட்ட அவர்கள் முதலில் செய்த சீட்டுகள் மழையில் கழன்று விழுந்தன. பிறகு ஒட்டும் முறையை மாற்றினார்கள். 1952 இல் தன்னார்வலர்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள். கனடாவிலும் அமெரிக்காவிலும் ஆசிரியர்கள், மாணவர்கள், வீட்டுப் பெண்கள் என்று ஏராளமானோர் பூச்சியைப் பிடித்துச் சீட்டு ஒட்டிப் பறக்கவிட்டு, ரொறன்ரோவுக்கு எழுதினார்கள். நோரா மெக்சிக்கோப் பத்திரிகைகளுக்கு எழுதிய வேண்டுகோளைப் பார்த்து கென் பிரகர் என்பவர் உதவ முன்வந்தார். அவரும், மிச்சோவாகான் மாநிலத்தில் பிறந்த கத்தலீனா அகுவாடோவும் 1975 சனவரியில் செர்ரோ பெலோன் மலையில் கோடிக்கணக்கான மொனார்க்குகள் மரங்களை மூடியிருந்ததைக் கண்டார்கள். மலையடிவார மக்கள் அதைப் பரம்பரை பரம்பரையாக அறிவார்கள்; வெளியுலகம் அறிந்தது அன்றுதான்.

அடுத்த ஆண்டு சனவரியில் ஏர்கார்ட் தம்பதியரும் அங்கே ஏறினார்கள். அவர்கள் கண்முன்னே ஒரு பைன் கிளை பூச்சிகளின் பாரம் தாங்காமல் முறிந்து விழுந்தது. விழுந்த குவியலுக்குள் சீட்டு ஒட்டிய மொனார்க் ஒன்று கிடந்தது. மினசோட்டா மாநிலத்தில் ஓர் ஆசிரியரும் இரண்டு மாணவர்களும் முந்தைய ஓகஸ்டில் ஒட்டி விட்ட சீட்டு அது. பாடசாலைப் பிள்ளைகள் பிடித்து விட்ட பூச்சி கண்டத்தின் மறுமுனையில் சாட்சி சொன்னது. இதை உங்கள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அவர்கள் நடந்து திரிகிற தெருக்களுக்கும் இந்தப் பூச்சிக்கும் இப்படியொரு உறவு இருப்பது அவர்களுக்குத் தெரியவேண்டும்.

இப்போது நிலைமை நன்றாக இல்லை. மெக்சிக்கோவில் பூச்சிகளை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. அவை மூடியிருக்கும் காட்டின் பரப்பைத்தான் அளப்பார்கள். 1996-97 குளிர்காலத்தில் அது 18 ஹெக்ரயர். 2013-14 இல் 0.67 ஹெக்ரயருக்கு விழுந்தது. இடையில் ஏறி இறங்கி, 2023-24 இல் 0.9, அதற்கு அடுத்த குளிர்காலத்தில் 1.79. கனடா அரசு 2023 டிசம்பரில் மொனார்க்கை அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பட்டியலில் சேர்த்தது. இந்த வீழ்ச்சிக்கு மெக்சிக்கோவில் மரம் வெட்டியது ஒரு காரணம். வறட்சியும் வெப்பமும் இன்னொன்று. ஆனால் செடி போனதுதான் பெரிய அடி. களைகொல்லிக்குத் தாக்குப்பிடிக்கும் சோயாவும் சோளமும் 1990களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் நடுமேற்கு வயல்களுக்கு வந்தபிறகு, பயிருக்கு இடையே நின்ற மில்க்வீட் அனேகமாக இல்லாமலே போய்விட்டது.

இங்கே ஒன்ராறியோவிலும் நாங்கள் வந்திறங்கிய காலத்தில் மில்க்வீட் சட்டப்படி ஒழிக்கவேண்டிய களை. 2014 இல்தான் அதைத் தீங்குக் களைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். அதே ஆண்டில் டாக்-ஸ்ட்ராங்ளிங் வைன் என்ற கொடியைப் பட்டியலில் சேர்த்தார்கள். அந்தக் கொடியையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். றூஜ் பள்ளத்தாக்கிலும் ரயில் பாதையோரங்களிலும் வேலி இடுக்குகளிலும் மண்டிக்கிடக்கிறது. மில்க்வீட்டின் உறவுக்கொடி என்பதால் சில மொனார்க் ஏமாந்து அதில் முட்டையிடும். பொரித்த புழு அதைத் தின்று பிழைக்காது. உங்கள் வேலியில் அது ஏறியிருந்தால் காய் வெடிக்கும் முன் வேரோடு கிண்டி எடுங்கள். மொனார்க்குக்குச் செய்யக்கூடிய நன்மைகளில் அதுவும் ஒன்று.

இனி நடுகிற விஷயம்.

மில்க்வீட்டில் பல வகை உண்டு. தெருவோரங்களில் அகன்ற இலையோடு நிற்பது கொமன் மில்க்வீட். மொனார்க்குக்கு மிகவும் பிடித்தமானது, ஆனால் நிலத்துக்குக் கீழே தண்டு ஓடி, இரண்டாவது மூன்றாவது வருடத்தில் உங்கள் வெண்டிப் பாத்திக்குள்ளேயே முளைக்கும். பெரிய வளவு உள்ளவர்களுக்கு அது சரி. சின்னப் பின்வளவுக்கு ஸ்வாம்ப் மில்க்வீட்தான் என் தேர்வு. இளஞ்சிவப்புப் பூ, ஒடுங்கிய இலை, ஓரிடத்திலேயே புதராக நிற்கும், ஈரமான நிலத்தை விரும்பும். பாகல் பந்தலுக்குத் தண்ணீர் விடும்போது ஒரு வாளி அதற்கும் ஊற்றினால் போதும். மணல் பாங்கான, வெயில் சுடுகிற நிலமென்றால் செம்மஞ்சள் பூப் பூக்கும் பட்டர்ஃபிளை மில்க்வீட். மூன்றுமே ஒன்ராறியோவின் சொந்தச் செடிகள். பனியில் மேலே பட்டுப்போய், வசந்தத்தில் வேரிலிருந்து துளிர்க்கும். கடைகளில் சிவப்பும் மஞ்சளுமாக ஈர்க்கிற வெப்பவலய மில்க்வீட் இங்கத்தைய குளிரில் செத்துவிடும். ரெக்சஸிலும் புளோரிடாவிலும் அது ஆண்டு முழுவதும் நின்று நோயைப் பெருக்குவதாலும், பூச்சியைப் பயணம் போகவிடாமல் பிடித்துவைப்பதாலும், அங்கே தோட்டம் செய்யும் உறவினரிடம் அதை நடவேண்டாம் என்று சொல்லுங்கள்.

விதைக்கு ஒரு குளிர்காலம் தேவை. ஒக்டோபர் நடுவிலிருந்து நிலம் உறையும் வரை நேரடியாக மண்ணில் தூவி, மெல்லிய மண் போட்டு மூடிவிட்டால் ஸ்னோ மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும். வசந்தத்தில் விதைக்க விரும்பினால், ஈரக் கடதாசித் துவாயில் சுற்றி ஒரு மாதத்துக்கு மேல் பிறிட்ஜில் வைத்து எடுங்கள். முதல் வருடம் செடி நோஞ்சானாகத்தான் இருக்கும். பிடுங்கிவிடாதீர்கள். அது வேர் விடுகிற வருடம்.

எங்கே நடுவது என்பதும் முக்கியம். கெண்டக்கிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரே அளவு மில்க்வீட்டைப் பல விதமாக நட்டுப் பார்த்தார்கள். மற்றப் பூச்செடிகளுக்கு நடுவே மறைத்து நட்டதைவிட, பாத்தியின் வெளி ஓரத்தில் தெரியும்படி நட்ட செடிகளில் இரண்டரை முதல் நான்கு மடங்கு வரை அதிக முட்டையும் புழுவும் இருந்தன. ஆகவே வேலியோரம், வெயில் படும் விளிம்பு, சுற்றிவர வெளி. கன்றாக வாங்குவதென்றால் கார்டன் சென்ரரில் ஒரு கேள்வி கேளுங்கள்: இதற்கு நியோனிக் மருந்து போட்டிருக்கிறீர்களா? அது செடியின் இலையிலும் தேனிலும் ஊறியிருக்கும். அந்தச் செடியைத் தின்னும் புழு சாகும். பதில் தெரியாது என்றால் சொந்தச் செடிகள் மட்டுமே விற்கும் நாற்றுமேடைகளில் வாங்குங்கள்.

எங்கள் தோட்டக்காரரிடம் தனியாகச் சொல்லவேண்டியது வேப்பெண்ணெய் பற்றி. கத்தரிக்கும் மிளகாய்க்கும் வேப்பெண்ணெயும் சவர்க்காரத் தண்ணீரும் அடிப்பது எங்களுக்குக் கைவந்த பழக்கம். அது இயற்கை மருந்து என்பது உண்மை. புழுவைக் கொல்லும் என்பதும் உண்மை. மொனார்க் புழுவுக்கு அது விதிவிலக்குக் காட்டாது. காற்றடிக்கும் நாளில் அடித்தால் பக்கத்துச் செடியிலும் படியும். மில்க்வீட்டிலிருந்து தள்ளியிருக்கும் பாத்திக்கு மட்டும், காற்றில்லாத மாலையில் அடியுங்கள். மில்க்வீட்டில் மஞ்சள் அசுவினி மொய்த்திருப்பதைக் கண்டு பதறவேண்டாம்; அது மொனார்க்கைப் பாதிக்காது. மருந்தடித்தால் அசுவினியோடு முட்டையும் போய்விடும். இன்னொன்று: மில்க்வீட் பால் கண்ணில் பட்டால் மிகவும் நோகும், பார்வையையும் மங்கவைக்கும். தொட்டபின் கை கழுவுங்கள். இலை பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கிறதே என்று யாரும் சுண்டிப் பார்க்கவும் வேண்டாம், அது நஞ்சு.

முட்டை தேடுவதைப் பற்றி எழுதாமல் என்னால் இருக்க முடியாது. கோடைக் காலையில் இதைவிட நல்ல வேலை எனக்குத் தெரியாது.

தாய் மொனார்க் ஓர் இலையில் ஒரு முட்டைதான் வைக்கும், பெரும்பாலும் இளந்துளிர் இலையின் அடிப்பக்கத்தில். குண்டூசித் தலையளவு, பால் வெள்ளை, மேலிருந்து கீழாக மெல்லிய வரிகள். காய்ந்த பால் துளியைக் கண்டு முட்டையென்று நினைப்பவர்கள் உண்டு. துளி வழுவழுப்பாக இருக்கும், முட்டையில் வரி தெரியும். நான்கு நாள் அளவில் பொரிக்கும். புழு முதலில் தன் முட்டை ஓட்டைத் தின்னும். பிறகு இலையில் ஒரு சின்ன வளைவைக் கடித்துப் பால் ஓட்டத்தை மறித்துவிட்டு, அந்த வளைவுக்குள் தின்னும். அப்படி மறிக்காவிட்டால் பால் பெருகி அதையே ஒட்டிப்பிடித்துக் கொன்றுவிடும். பெரிய புழு இலைக்காம்பையே கடித்து வைக்கும். இலை தொங்கிப்போய் நிற்கும். ஆகவே தொங்கும் இலை, வட்டமான ஓட்டை, கீழ் இலைகளில் கருமணி போன்ற எச்சம் மூன்றும் உங்களுக்கு அடையாளம். கறுப்பு, மஞ்சள், வெள்ளை வரியும், முன்னும் பின்னும் இரண்டிரண்டு கறுப்புக் கொம்பும் கொண்ட புழுவைக் கண்டபிறகு ஒருவரும் மறக்கமாட்டார்கள். மயிர்க்கொட்டி போலச் சுணை கிடையாது. நான்கு முறை தோலுரித்து, இரண்டு கிழமைக்குள் தன் எடையை ஏறக்குறைய இரண்டாயிரம் மடங்காக்கிவிடும்.

அதன்பின் ஒருநாள் புழுவைக் காணோம் என்று தேடுவீர்கள். அது செடியைவிட்டு இறங்கி, பாதுகாப்பான இடம் தேடி மீற்றர் கணக்கில் நடந்திருக்கும். வேலிப் பலகையின் கீழ், கதிரையின் அடியில், தக்காளிக் கம்பியில், உங்கள் பாகல் பந்தலின் குறுக்குத்தடியில் தலைகீழாகத் தொங்கி, பச்சைக் கூடாக மாறும். கழுத்தில் கட்டிய மாலைபோல் பொன்னிறப் பொட்டுகள் அதில் வரிசையாக மின்னும். எட்டு முதல் பதினைந்து நாளில் கூடு கறுத்து, உள்ளே செம்மஞ்சள் சிறகு தெரியும். மறுநாள் காலை அது வெளிவரும். வந்தவுடன் பறக்காது, சிறகு விரிந்து காயச் சில மணி நேரம் தொங்கும். அந்த நேரத்தில் யாரும் தொடக்கூடாது. பின் சிறகில் நரம்பின்மேல் கறுப்புப் புள்ளி இருந்தால் ஆண்.

செப்டெம்பரில் பந்தலைப் பிரிக்கும்போது தடியைச் சுற்றி ஒருமுறை பாருங்கள். பச்சைக்கூடு தொங்கினால் அந்தத் தடியை இரண்டு கிழமை விட்டுவையுங்கள்.

இனி இரண்டாவது வேண்டுகோள்.

செடியில் எறும்பு முட்டையைத் தூக்கும். சிலந்தி சின்னப் புழுவைப் பிடிக்கும். குளவி பெரியதைக் கொண்டுபோகும். ஒரு வகை ஈ புழுவின் மேல் முட்டையிட்டு உள்ளிருந்து தின்னும். நூறு முட்டையில் பத்துக்கூட வண்ணத்துப்பூச்சியாக வராது. இதைக் கண்ணால் பார்த்தவருக்கு அந்தப் புழுக்களை எல்லாம் வாரி வீட்டுக்குள் கொண்டுபோகத்தான் மனம் வரும். அப்படி வலைக்கூடு வாங்கி, பேஸ்மன்றில் நூற்றுக்கணக்கில் வளர்த்து விடுபவர்கள் இந்த நகரத்தில் இருக்கிறார்கள். அது அன்பினால் செய்வது. நான் அதை மதிக்கிறேன். ஆனாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

ஒரு தாய் முந்நூறு முதல் ஐந்நூறு முட்டை வரை இடும். அதில் பெரும்பகுதி எறும்புக்கும் சிலந்திக்கும் போய், சில மிஞ்சி, அந்தச் சிலவற்றில்தான் இந்த இனம் இவ்வளவு காலமும் வாழ்ந்தது. 1996 இல் மெக்சிக்கோ மலையை மூடியவையும் எறும்புக்கும் குளவிக்கும் தப்பியவைதாம். இப்போது குறைந்துபோனவை செடியும் பூவும் காடும். எறும்பைத் தடுத்தால் அவை திரும்பி வரப்போவதில்லை.

கூட்டமாக அடைத்து வளர்த்தால் நோய் பெருகும். ஓஇ என்று சுருக்கமாகச் சொல்லும் ஓர் ஒட்டுண்ணி மொனார்க்கைப் பிடிக்கிறது. நோயுற்ற பூச்சியின் உடம்பிலிருந்து தூள் போன்ற வித்துகள் இலையிலும் முட்டையிலும் கொட்டும். அதைத் தின்ற புழு நோயோடு வளரும். கடுமையானால் சிறகு சுருங்கிப் பறக்க முடியாமலே போகும். ஒரே கூட்டில் நிறைய இருந்தால் ஒன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் பரவும், அவற்றைப் பறக்கவிட்டால் வெளியிலும் பரவும்.

பயணத் திறன் பற்றியும் கேள்வி இருக்கிறது. 2019 இல் சிக்காகோப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வியாபாரத்துக்கு வளர்க்கப்பட்ட மொனார்க்குகள் இலையுதிர் காலத்தில் தெற்கு நோக்கித் திரும்பவில்லை என்று கண்டார்கள். காட்டுப் பூச்சியின் பிள்ளைகளையே வீட்டுக்குள் வளர்த்தபோதும் அந்தத் திசையறிவு குலைந்தது. அடுத்த ஆண்டு ஜோர்ஜியாப் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வில், கையால் வளர்த்தவற்றின் பிடிமானம் காட்டுப் பூச்சிகளைவிடப் பலவீனமாக இருந்தது. எதிர்ப்பக்கத்தையும் மறைக்கக்கூடாது: 2021 இல் எங்கள் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உள்ளே வளர்த்த மொனார்க்குகளில் மிகச் சின்ன வானொலிக் கருவி பொருத்தி வெளியே விட்டபோது பெரும்பாலானவை சரியான திசையில்தான் பறந்தன. வெளி வெயிலும் காற்றும் பட்டபின் அவை தங்களைச் சரிசெய்துகொள்கின்றன போலும். ஆக, உள்ளே வளர்த்த ஒவ்வொன்றும் வழிதவறும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் பகல் சுருங்குவதும் இரவு குளிர்வதும் பேஸ்மன்றில் தெரியாது. பயணத்துக்கு ஆயத்தமாகச் சொல்லும் அறிவிப்புகளே அவைதான். ஆபத்திலுள்ள இனத்தில் இந்தப் பரீட்சையை ஆயிரக்கணக்கில் செய்து பார்க்க எனக்கு மனமில்லை. பூச்சிப் பாதுகாப்பில் மூத்த அமைப்பான அமெரிக்காவின் செர்சீஸ் சங்கமும் பெருந்தொகையாக வளர்த்து விடுவதை ஏற்கவில்லை.

சட்டமும் இருக்கிறது. ஒன்ராறியோவின் 1997 ஆம் ஆண்டு மீன், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மொனார்க் சிறப்புப் பாதுகாப்புப் பெற்ற உயிரினம். பிடித்து வைத்திருப்பதற்கும் விற்பதற்கும் வாங்குவதற்கும் விதிகள் உண்டு. மாகாண அமைச்சிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் எதுவும் செய்யவேண்டாம். கல்யாண வீட்டிலோ சாமத்திய வீட்டிலோ பெட்டி பெட்டியாக வாங்கிப் பறக்கவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால், அந்தக் காசுக்கு வந்தவர்களுக்கெல்லாம் மில்க்வீட் விதைப் பைக்கற் கொடுக்கச் சொல்லுங்கள்.

பிள்ளைகள் கேட்பார்கள், எனக்குத் தெரியும். புழு கூடாகி, கூடு பூச்சியாவதை ஒரு பிள்ளை அருகிருந்து பார்ப்பதைப்போல ஒரு பாடம் வேறில்லை. விதி இடம் தருமென்றால் ஒன்றே ஒன்று. பேஸ்மன்றில் வேண்டாம்; வெளியே, நிழல் விழும் வராந்தாவில், வெயிலும் காற்றும் இரவின் குளிரும் படும் வலைக்கூட்டில். தினமும் புது இலை, தினமும் எச்சம் துப்புரவு. வெளிவந்து சிறகு காய்ந்தபின், மழையில்லாத சூடான பகலில், அது பிறந்த செடியருகிலேயே விடுவது. பிறகு கூட்டை ப்ளீச் கலந்த தண்ணீரில் ஊறவைத்துக் கழுவுவது. அதைவிட நல்லது, பிள்ளையின் கையில் ஒரு கொப்பி கொடுத்துச் செடியடிக்கு அனுப்புவது. மொன்றியல் பூச்சியகம் நடத்தும் மிசன் மொனார்க் திட்டத்துக்கு, எத்தனை மில்க்வீட் பார்த்தோம், எத்தனை முட்டை, எத்தனை புழு என்று யாரும் எழுதி அனுப்பலாம். ஒன்றும் காணவில்லை என்பதும் அவர்களுக்குத் தேவையான தகவல். யூலைக் கடைசியிலும் ஓகஸ்ட் தொடக்கத்திலும் கனடா, அமெரிக்கா, மெக்சிக்கோ மூன்றிலும் சேர்ந்து எண்ணும் நாட்கள் வரும். ஏர்கார்ட் தம்பதியருக்குச் சீட்டு ஒட்டிக் கொடுத்த பிள்ளைகளின் வரிசையில் எங்கள் பிள்ளைகளும் சேரட்டும்.

பூவைப் பற்றி ஒரு வார்த்தை. மில்க்வீட் புழுவுக்குத்தான். வளர்ந்த பூச்சிக்குத் தேன் வேண்டும், அதுவும் செப்டெம்பரில், மெக்சிக்கோப் பயணத்துக்கான கொழுப்பைச் சேர்க்கும் காலத்தில். அந்த நேரம் எங்கள் தோட்டங்களில் பூ அனேகமாக முடிந்துவிடும். நியூ இங்லண்ட் அஸ்ரர், கோல்டன்ரொட் இரண்டும் அப்போதுதான் பூக்கும். ஊதாவும் மஞ்சளுமாக வேலியோரத்தை நிறைக்கும். கோல்டன்ரொட் ஒவ்வாமை தருமென்ற பேச்சை நம்பவேண்டாம். அந்தக் குற்றம் அதே காலத்தில் பூக்கும் ராக்வீட்டினுடையது. செப்டெம்பரில் வடக்குக் காற்று வீசும் ஒரு நாளில் ஸ்காபரோ மேட்டின் விளிம்பிலுள்ள ரொசெற்ரா மக்ளெயின் தோட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். ஏரிக்கரையைப் பிடித்து மேற்கே போகிற மொனார்க்குகளை அங்கே காணலாம். முடிந்தவர்கள் பொயின்ற் பீலி தேசியப் பூங்காவுக்கும் போங்கள். ஏரி ஈரியைக் கடக்கும் முன் அவை அந்த மண்முனை மரங்களில் இரவு தங்கும்.

இந்த மடலை வாசிக்கிற ஒவ்வொரு வீட்டிடமும் நான் கேட்பது இவ்வளவுதான்: வருகிற ஒக்டோபரில், கத்தரியையும் மிளகாயையும் பிடுங்கிப் பாத்தி வெறுமையாகும்போது, வேலியோரம் ஸ்வாம்ப் மில்க்வீட் விதையில் ஒரு சிட்டிகையும் அதன் பக்கத்தில் அஸ்ரர் விதையில் ஒரு சிட்டிகையும் தூவுங்கள். கோவில் திருவிழாவிலும் முதியோர் சங்கக் கூட்டத்திலும் தமிழ்ப் பள்ளி வாசலிலும் பயிற்றை விதையும் பாகல் விதையும் கைமாறும்போது மில்க்வீட் விதையையும் சேர்த்துக் கொடுங்கள். ஒரு முற்றிய காயில் நூறு விதைக்கு மேல் இருப்பதும் உண்டு. ஒரு தெருவுக்கே போதும்.

அன்புடன்,
உங்களைப்போல் இங்கு தோட்டம் செய்யும் ஒருவர்